யானைக் காட்டுக்குள் வந்த நல்ல செய்தி

கலியாணம் கட்டி இருபத்தைந்து வருடம் என்றால் டென்மார்க்கில் எங்கள் சனம் மண்டபம் எடுக்கும். என்னுடைய மனிசன் காடு எடுத்தார். ஆப்பிரிக்காவில், ஸாம்பியா நாட்டில் ஒரு தேசிய வனம். அதற்குள் ஐந்து நாள், வாகனம் இல்லாமல், ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்குக் காலால் நடந்து போவது. யானை, சிங்கம், காட்டெருமை எல்லாம் உலாவுகிற இடம். நாங்கள் இருந்தது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில். அவருக்குத் தொழிற்சாலை, எனக்கு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு ரொட்டி வாங்குவதற்கும் காரை எடுக்கிற மனிசன் அவர். அவர்தான் சிங்கங்களுக்கு நடுவில் நடக்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கோயிலில் இதைக் கேள்விப்பட்ட ஒரு அண்ணை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காசு குடுத்துக் காட்டுக்குள்ள நடக்கிறதோ? நாங்களெல்லாம் சும்மாவே நடந்து வந்த ஆக்களெல்லோ!"

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. வெள்ளிவிழா அன்று விடியற்காலையில் அயலட்டை டேனிஷ்காரர் எல்லாம் வாசலில் இலைதழையால் வளைவு கட்டி, பாட்டுப் பாடி எங்களை எழுப்புவார்கள். பிறகு முந்நூறு பேருக்குச் சோறு. அதைவிடச் சிங்கமே மேல் என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே பற்றைக்காட்டுப் பாதையில் நடந்து பழகினோம். சுமை பழக வேண்டும் என்று அவர் முதுகுப் பைக்குள் ஐந்து கிலோ பாஸ்மதி அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நடப்பார். மழையில் ஒருநாள் பை நனைந்து, அடுத்த இரண்டு கிழமையும் நாங்கள் ஊறின அரிசியில் தோசை சாப்பிட்டோம்.

இதெல்லாம் பயணத்தைப் பதிவு செய்த இலையுதிர் காலத்துக் கதை. ஜனவரியில் எல்லாம் மாறிவிட்டது.

என் தம்பி இலங்கையில், சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியில் இருந்தான். எனக்கு ஒரே ஒரு தம்பி. கலியாணம் கட்டவில்லை. தண்ணீர்ப் பம்ப் திருத்துவது அவன் தொழில். ஜனவரியில் ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, நாளைக்கு இடம் மாறுறம், பிறகு எடுக்கிறன்" என்றான். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வெளிநாட்டு இலக்கம் ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டுத் தொலைபேசி. அதனால் அந்த ஜனவரியிலிருந்து எங்கள் வீடு ஒரு நிமிடம் கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நான் வேலைக்குப் போனால் அவர் வீட்டில், அவர் போனால் நான். குளிக்கும்போதும் கதவைத் திறந்தே வைத்திருப்பேன்.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். தொலைக்காட்சியில் வவுனியா அகதி முகாமின் கூடாரங்களைக் காட்டும்போது நான் திரைக்கு மூக்கு முட்டுகிற தூரத்தில் போய் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். அவன் இல்லை. எந்தப் பட்டியலிலும் இல்லை. பயணம் ஜூலையில். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மகள் ஓகூஸ் நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது, டென்மார்க்கிலேயே பிறந்தவள். சோதனை முடிந்ததும் புத்தக மூட்டையோடு வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் மெத்தையை விரித்துவிட்டாள். "நான் இஞ்ச இருக்கிறன். நீங்கள் இருந்தாலும் இல்லாட்டியும் போன் ஒரே மாதிரித்தான் அடிக்கும், அம்மா. போங்கோ," என்று பாதி தமிழிலும் பாதி டேனிஷிலும் சொன்னாள். காட்டுக்குள் கைத்தொலைபேசி வேலை செய்யாது. ஆனால் முகாம்களுக்கிடையில் ஒவ்வொரு காலையும் வானொலிக் கருவியில் கதைப்பார்கள் என்றும், தலைமை விடுதிக்குச் சொன்னால் எங்களுக்குச் செய்தி வந்து சேரும் என்றும் அவளே விசாரித்து வைத்திருந்தாள். நான் போனேன். போகும்போது விமானத்தில் அழுதேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தக் காட்டுக்குள் காலை வைத்த முதல் நாள் இருக்கிறதே! என்ன சொல்ல! முன்னுக்குத் துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர். அவருக்குப் பின்னால் வழிகாட்டி, நெடுநெடு என்று வளர்ந்த ஸாம்பியாக்காரர். பிறகு நாங்கள் இருவரும், விபோர்க்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற டேனிஷ் தம்பதியும். கடைசியில் தேநீர்க் கேத்தலைச் சுமந்துகொண்டு ஒருவர். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும். கதைக்கக் கூடாது. துப்பாக்கியைத் தாண்டி யாரும் போகக் கூடாது. எது வந்தாலும் ஓடக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டம்தான் எனக்குச் சிக்கல். ஓடுவது ஒன்றுதானே எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்த வித்தை! ஓடி ஓடித்தான் டென்மார்க் வரைக்கும் வந்து சேர்ந்தோம்.

நாற்பது அடி தூரத்தில் ஒட்டகச்சிவிங்கி நின்று எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. ஆற்றுக்குள் நீர்யானைகள் உறுமின. நாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே, என் சப்பாத்துக்குப் பக்கத்தில், சிங்கத்தின் காலடித்தடம் கிடந்தது. வழிகாட்டி குனிந்து விரலால் தொட்டு, இன்று காலையில் போனது என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடுநீல உடுப்புப் போடாதீர்கள், கடிக்கிற ஈ ஒன்று அந்த நிறத்துக்குத்தான் வரும் என்று முதலே எழுதி அனுப்பியிருந்தார்கள். சொன்னால் கேட்கிற மனிசனா? நல்ல துணி என்று தொழிற்சாலைக் காற்சட்டையோடு வந்து நின்றார். காட்டில் இருந்த அத்தனை ஈயும் எங்களையெல்லாம் விட்டுவிட்டு அவருடைய பின்பக்கத்தில் போய் இருந்தன. விபோர்க் அம்மா மருந்துக் களிம்பை நீட்டினா. நான் கத்திச் சிரித்து வழிகாட்டியிடம் பேச்சு வாங்கினேன்.

முகாம் என்றால் புல்லாலும் தடியாலும் கட்டின நான்கு குடில். மழைக்கு முதல் பிரித்துவிட்டு ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கட்டுவார்களாம். மரத்தில் வாளி கட்டி அதில் குளிப்பு. அப்படி ஒரு சந்தோசம் எனக்கு ஜனவரிக்குப் பிறகு வரவில்லை. தம்பியின் நினைப்பு வந்தவுடன் அது போய்விடும். பிறகு ஒரு யானை பிளிறும், திரும்பவும் சந்தோசம் வந்துவிடும். என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டாவது முகாமில், மூன்றாம் நாள் காலை, நெருப்பைச் சுற்றியிருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டி வானொலிக் குடிலிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. முகமெல்லாம் பல்.

"உங்கள் மகளிடமிருந்து," என்று ஆங்கிலத்தில் வாசித்தார். "தம்பி பத்திரமாக இருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை. அவசரப்பட்டு வீட்டுக்கு வர வேண்டாம். தொடர்ந்து நடங்கள்."

விபோர்க் அம்மா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தா. அவவின் கணவர் கை தட்டினார். சமையல்காரரும் கை தட்டினார். நானோ கஞ்சிக் கிண்ணத்தை நிலத்தில் வைத்தேன்.

"முடிஞ்சுது," என்றேன் என் மனிசனிடம்.

அவருடைய முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. "ஓம்," என்றார். "இப்பிடித்தான் சொல்லுவினம்."

இது டேனிஷ்காரருக்கு விளங்காது. எங்கள் ஆட்களில் யாரும் தூரத்தில் இருக்கிறவருக்குச் சாவை நேரே சொல்வதில்லை. "கொஞ்சம் சுகமில்லை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றால் ஆள் போய்விட்டார். "ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ, அவசரப்பட வேண்டாம்" என்றால் எரித்தும் முடிந்தது. வழியில் நிற்கிறவரைப் பதறவைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்து சேரட்டும், ஒரு வாய் சாப்பிடட்டும், பிறகு சொல்லலாம். அன்பினால்தான் செய்கிறோம். அந்தச் செய்தியில் இருந்த ஒவ்வொரு வரியும் இந்தக் கணக்கில் வந்தது. காட்டில் ஐந்து நாள் நடக்கிற தாய்க்கு என் மகள் வேறு எப்படி எழுதுவாள்?

எனக்கு இது எப்படி இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன். ஆறு வருடத்துக்கு முதல் யாழ்ப்பாணத்தில் மாமி, அவருடைய தாய், ஒரு விடியற்காலையில் போய்விட்டா. தொலைபேசியை எடுத்தது நான். அவருக்கு அடுத்த நாள் டேனிஷ் மொழிச் சோதனை. அதில் தேறினால்தான் குடியுரிமை. "மாமிக்குக் காய்ச்சல் விட்டிட்டுதாம், இப்ப நல்ல சுகமாம்," என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். இரண்டு நாள் சொன்னேன். அவர் தேறிவிட்டு, வெதுப்பகத்தில் கேக் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடியபடி வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் சொன்னேன். அவர் அழுதார். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சரியான காரியம் செய்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வழிகாட்டி குழம்பிப்போய் நின்றார். "பத்திரமாக இருக்கிறார் என்றுதானே செய்தி?" என்று கேட்டார்.

"அதுதான் பிரச்சினை," என்றேன்.

என் மனிசன் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். விபோர்க் ஐயா தன் மனைவியைப் பார்த்தார், மனைவி கடதாசியைப் பார்த்தா. பாவம், கை தட்டினதற்காக வெட்கப்பட்டார்கள். வழிகாட்டி திரும்ப வானொலியில் கேட்டார். விடுதிக்காரர் அதே நான்கு வரியைத் திரும்ப வாசித்தார். அவர்களுக்கு வேறொன்றும் தெரியாது. அடுத்த முகாமில் அவசரத்துக்கென்று, காட்டுக்குள்ளும் வேலை செய்கிற ஒரு செய்மதித் தொலைபேசி இருக்கிறது என்றார் வழிகாட்டி. எட்டுக் கிலோமீட்டர். வாகனம் போகப் பாதை இல்லை. நான் அதற்குள் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டேன்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். அன்றைக்கு எல்லாவற்றிலும் கோபம். காட்டில், வெயிலில், மெதுவாக நடக்கிற வனக்காவலரில், பயணம் போகச் சொன்ன மகளில், எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு எடுக்காத தம்பியில். இரண்டு தடவை வழிகாட்டியின் குதிக்காலை மிதித்தேன். மூன்றாவது தடவை அவர் திரும்பி, துப்பாக்கியைத் தாண்ட முடியாது அம்மா, எவ்வளவு அவசரம் என்றாலும் முடியாது என்றார். நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அவரைத் தள்ளிவிட்டு ஓடலாம் போலிருந்தது.

பாதி வழியில் ஒரு காய்ந்த ஆறு. வெறும் மணல். அதற்கு நடுவில், நாங்கள் கடக்க வேண்டிய அதே இடத்தில், பதினைந்து பதினாறு யானைகள் குட்டிகளோடு காலால் மணலைத் தோண்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. வேறு நாளென்றால் என் உயிரே பூத்திருக்கும். ஒரு குட்டி தாயின் காலுக்குள்ளால் புகுந்து குழிக்குள் தலைகீழாக விழுந்து எழும்பியது. வழிகாட்டி எங்களை ஒரு பெரிய கறையான் புற்றுக்குப் பின்னால் இருத்தினார். மணி எட்டரை. ஒன்பது. ஒன்பதரை. யானைகளுக்கு என்ன அவசரம்? குடிக்கின்றன, மணலை அள்ளி முதுகில் போடுகின்றன, திரும்பக் குடிக்கின்றன. விபோர்க் அம்மா என் கையை விடாமல் பிடித்திருந்தா.

பத்து மணிக்குக் கூட்டம் மெல்ல அக்கரைக்கு ஏறியது. நாங்கள் எழும்பி மணலுக்குள் இறங்கினோம். அந்த நேரம் பார்த்துக் காற்று மாறியது. கடைசியாகப் போன பெரிய பெண் யானை நின்று திரும்பியது. காதை விரித்தது. பிறகு வந்தது, ஐயோ, அது வந்த வரவு! தூசி கிளம்ப, தலையை உயர்த்திக்கொண்டு, நேரே எங்களைப் பார்த்து. வனக்காவலர் துப்பாக்கியைத் தூக்கினார். அசையாதீர்கள் என்றார் வழிகாட்டி. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது.

"ஏய்! என்னடி உனக்கு?" என்று கத்தினேன். "என்ரை தம்பி செத்தானோ இருக்கிறானோ எண்டு தெரியாமல் நான் நிக்கிறன், நீ வழியை மறிச்சுக்கொண்டு நிக்கிறியோ? போடி அங்கால!"

அதே நேரம் வழிகாட்டியும் கை தட்டிக் குரல் கொடுத்தார். இருபது அடியில் யானை நின்றது. தலையை ஒரு தடவை உலுக்கியது. தும்பிக்கையால் மணலை எங்கள் பக்கம் எறிந்துவிட்டு, திரும்பித் தன்பாட்டில் போய்விட்டது. என் ஏச்சுக்குத்தான் போனது என்று நான் சொல்லவில்லை, என் மனிசன்தான் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். வழிகாட்டி முதலில் என்னை நன்றாக ஏசினார். பிறகு, யானைக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். என் மனிசன் மொழிபெயர்த்தார். இரண்டு நாளாகப் பல்லைக் காட்டாத வனக்காவலர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

அதற்குப் பிறகு வனக்காவலர் வேகமாக நடந்தார். எனக்காகத்தான் நடந்தார்.

மூன்றாவது முகாமில் தொலைபேசியை ஒரு திறந்த வெளிக்குக் கொண்டுபோய், செங்கல் அளவு கருவியில் நீளமான கம்பியை இழுத்து நிமிர்த்திவிட்டு வழிகாட்டி விலகி நின்றார். என் மனிசனும் ஒரு மரத்தடியில் நின்றுவிட்டார், கிட்ட வரவில்லை. ஒரு மணி அடித்ததுமே மகள் எடுத்தாள்.

"பிள்ளை, நான் அம்மா. ஒளிக்காமல் சொல்லு. எப்ப முடிஞ்சது? ஆர் எடுத்துச் சொன்னது?"

"என்னது முடிஞ்சது?"

"மாமா."

மாமாவா என்று கேட்டாள். பிறகு அவள் டேனிஷில் கத்தத் தொடங்கினாள். வழிகாட்டிக்கே கேட்டிருக்கும். பத்திரமாக இருக்கிறார் என்று எழுதினேனே, வாசிக்கவில்லையா என்றாள். பிறகு தமிழுக்கு வந்தாள். "உயிரோட இருக்கிற ஆளை உயிரோட இருக்கிறார் எண்டு சொல்லாமல் வேற எப்பிடியம்மா சொல்லுறது?"

"அம்மாவாணை?" என்று சத்தியம் கேட்டேன்.

"அம்மாவாணை! மாமாதான் எடுத்தவர். வவுனியா முகாமில ஆரோ ஒராளின்ர போனில. நாலு நிமிசம் கதைச்சவர். மெலிஞ்சு போனாராம், வேற ஒண்டுமில்லையாம். நீங்கள் எங்க எண்டு கேட்டவர். ஆபிரிக்காவில யானைக்குள்ள நடக்கிறா எண்டு சொன்னன்."

"அதுக்கு?"

"மாட்டைக் கண்டு மதிலுக்கு மேல ஏறி நிண்டு குழறினவள் யானை பாக்கவோ போயிட்டாள், கொம்மாவுக்கு என்ன விசரோ எண்டு ஏசினவர்." மகள் அதே மூச்சில் கேட்டாள். "அம்மா, மதில் எண்டா என்ன?"

கிரின்ஸ்டெட்டில் ஏது மதில்? எல்லாம் செடி வேலி. அந்த மாட்டுக் கதையை நான் என் மனிசனிடம் கூடச் சொன்னதில்லை, வெட்கம். பதினாறு வயதில் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தபோது நான் மதிலில் ஏறி நின்று குழற, ஒன்பது வயதுத் தம்பிதான் தடியோடு வந்து மாட்டை விரட்டினான். இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவன். அவன்தான் ஏசியிருக்கிறான். உயிரோடு இருந்து ஏசியிருக்கிறான்!

நான் கூவிக்கொண்டு திரும்பினேன். முகமெல்லாம் கண்ணீர். மரத்தடியில் என் மனிசன் என்னைக் கண்டதும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"இருக்கிறான்!" என்று கத்தினேன். "இருக்கிறானப்பா! என்னை ஏசினவனாம்!"

அவர் எழும்பவில்லை. என் முகத்தையே பார்த்தார். சந்தோசப்படுவதற்குத் தயாராக இல்லாத ஒரு பார்வை.

"உண்மையோ," என்று கேட்டார், "அல்லது வீட்டை போய்ச் சேருமட்டும் சொல்லுறீரோ?"

சத்தியம் செய்ய வாய் திறந்தேன், ஆனால் மாமியின் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னதும் இதே வாய்தான். கிட்டப் போய்த் தொலைபேசியை அவருடைய காதில் வைத்தேன். அவர் கேட்டார். திரும்பக் கேட்டார். மகள் மாட்டுக் கதையைத் திரும்பவும் சொன்னாள் போலிருக்கிறது, அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது, பிறகு சத்தமாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். தொலைபேசியைக் கொடுத்துவிட்டு ஒரு கையால் என்னைப் பிடித்து எழும்பினார். கையை விடவில்லை.

"அம்மா செத்து ரெண்டு நாள் நான் பாட்டுப் பாடிக்கொண்டு திரிஞ்சன்," என்றார். ஆறு வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னார். "கேக் வேற வாங்கினன். அதைத்தான் என்னால இன்னும் பொறுக்கேலாமல் கிடக்கு."

"பிழை விட்டிட்டன்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "இனி எது வந்தாலும் வந்த உடனை சொல்லும். நான் எங்க நிண்டாலும்."

"சொல்லுறன்," என்றேன்.